சைக்கிள் ஸ்டாண்டு வரை நூல் மூட்டை

ஷேர் வாங்கலாமா என்று அத்தான் என்னிடம்தான் கேட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீக்கடையெல்லாம் ஷேர், ஷேர் என்று பறந்தபோதும் அசையாத ஆள் அவர். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லே ஷேர் வெளியிட்டதும் அவருக்கும் சபலம் தட்டிவிட்டது. பேப்பரில் போடுவதை நம்பமாட்டார். கொழுந்தியாள் உள்ளேயே இருக்கிறாள், அவளைவிட யார் சரியாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

மூன்று ஷிப்டும் ஓடுகிறதா? ஓடுகிறது. சம்பளம் தேதிக்கு வருகிறதா? வருகிறது. சரக்கு எப்படி? நான் கோனில் நூல் சுற்றுகிற சாதாரணத் தொழிலாளி. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"குடோன் நெறஞ்சு போச்சு அத்தான். சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் மூட்டை அடுக்கிக் கெடக்கு. அம்புட்டுச் சரக்கு."

எங்கள் வீட்டில் களம் நிறைந்தால் அந்த வருஷம் கவலையில்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறேன். நூலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், மடச்சி. அத்தானுக்கும் அக்காவுக்கும் அதே எண்ணம்தான். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. கிணற்றோடு இருந்த ஒன்றரை ஏக்கரை விற்று அவ்வளவையும் ஷேரில் போட்டார் அத்தான். அவர்களுக்கு இருந்ததே அதுதான்.

மூட்டை வெளியே போகாததால்தான் குவிந்து கிடந்தது என்று நாலைந்து மாதம் கழித்து மேஸ்திரி சொன்னார். கடல் தாண்டி எங்கோ தொழில் படுத்துவிட்டதாம். நம் நூலை வாங்குகிறவர்கள் ஆர்டரை நிறுத்தி வெகுநாளாகிவிட்டதாம். அந்த வாரமே ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். 

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அத்தானிடமிருந்த ஷேர் பத்திரங்களை வாங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷேர் வாங்கி விற்றுக் கொடுக்கிறவரிடம் ஓடினேன். என்ன விலைக்காவது தள்ளிவிடுங்கள் என்று கெஞ்சினேன். வாங்க ஆளில்லை என்றார். குடோன் நிறைந்திருந்ததைப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னேன் என்றேன். அதைப் பார்த்தால் வாங்கவே கூடாதம்மா என்றார் அவர், குரலை உயர்த்தாமல். கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

மில்லை மூடினார்கள். அத்தான் தான் விற்ற வயலுக்கே கூலிக்குக் களை வெட்டப் போனார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. செத்துப் போய்விடலாமா என்றிருந்தது.

ஒருநாள் அக்கா வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"ஏட்டி, வேணும்னு சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

"தெரியாமத்தான் சொன்னேங்க்கா."

"வேணும்னு சொல்லியிருந்தாக்கூட ஒன்னைய நாலு வார்த்தை வஞ்சுட்டுப் போயிருப்பேன்" என்றாள். "இப்ப நான் யாரைப் போய் வைய?"