மினாவின் முழுப் பெயர்

சட்டைப் பையிலிருந்து பல் வரிசையை எடுத்து வேக்குவம் கிளீனரின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடிக்கொண்டார். மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பி, வரிசையின் மூன்றாவது பல்லை அதன் மேலிருந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் பிடித்து, "ஐம்பது வயசு. சிகரெட் இல்ல. காபி உண்டு," என்றார்.

கேட்பதற்கு, அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த பிளாஸ்டர் தாடைகளைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை.

அவர் பல்செட் செய்கிறவர். முன் அறையில் டாக்டர் பல்லைப் பிடுங்குவார்; பின் அறையில் இவர் புதுப் பல் செய்வார். "டாக்டருக்குப் பிடுங்கறதோட சரி. மிச்ச வாழ்க்கைக்கு நான்தான்," என்பது அவர் கணக்கு. வெள்ளையில் தொடங்கிப் பழுப்பில் முடியும் மாதிரிப் பற்கள் பதித்த அந்தத் தகடு, ஒவ்வொருவர் வாய்க்கும் நிறம் பொருத்திப் பார்க்க வைத்திருப்பது. சட்டையைத் துவைக்கப் போடும்போது மனைவி முதலில் அதைத்தான் தேடி எடுப்பாள். ஒருமுறை மறந்துபோய், துவைத்து முடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து அது அவளைப் பார்த்துச் சிரித்ததை இன்னும் சொல்லிக் காட்டுவாள். வீட்டில் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்தபோதும் இவர் அந்தத் தகட்டைத்தான் சுவரில் வைத்துப் பார்த்தார். ஹாலுக்கு இரண்டாவது பல், படுக்கையறைக்கு நாலாவது.

மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், அவர்கள் பேச வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார். திறந்ததும், "அட, நீங்களா!" என்று மலர்ந்துவிடுவார். அவரைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அவரைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இத்தனைக்கும் அவருடைய மேல் வரிசையில் பக்கத்துப் பல் ஒன்று இல்லை. போய்ப் பல வருஷமாகிறது.

"ஊருக்கெல்லாம் வெச்சு விடறீங்க. உங்க வாய்ல ஜன்னல் தொறந்தே கெடக்கு," என்பாள் மனைவி.

"என் வாயை யாரு பார்க்கறா? நான்தானே எல்லார் வாயையும் பார்க்கறேன்."

தொழிலில் அவர் ஒரு தடவைதான் அடிபட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு மேலும் கீழும் முழு செட் செய்தார். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரி ஒரு பல்கூட முன்னே பின்னே இல்லை. தானே பார்த்துச் சொக்கிப்போய், டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். மாட்டிக்கொண்டு வெளியே வந்த டிரைவரை அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரோடது இது?" என்று கேட்டாள். கோபமில்லை, கிண்டலில்லை. தெரியாமல்தான் கேட்டாள். டிரைவர் வாயை மூடியவர் மூடியவர்தான்.

அன்று இரவு பல்செட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிரைவரின் பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கி, செட்டை உடைத்து மறுபடி செய்தார். முன்பல் ஒன்றைக் கொஞ்சம் திருப்பினார். கீழ் வரிசையில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டார். அந்த அம்மாள் பார்த்ததும் கணவரிடம், எப்போதும்போல, மருந்துச் சீட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாளாம். அதுபோதும் அவருக்கு. அதிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "சிரிக்கிற மாதிரி பழைய போட்டோ இருக்கா?" என்பதுதான். "நேரா வைக்கறது சுலபம். கோணலைச் சரியா வைக்கறதுதான் வேலை," என்று டாக்டருக்கே வகுப்பெடுப்பார்.

இதெல்லாம் வாய்க்குத்தான். வேக்குவம் கிளீனர் விஷயத்தில் மறந்துபோனார்.

அது அக்காவுடையது. சரியாகச் சொன்னால் அத்தானுடையது. அத்தான் போன வருஷம் இறந்துபோனார். நெடிய மனிதர், கையை விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுத்தம் செய்வது அவர் வேலை, வேறு யாரும் மெஷினைத் தொடக் கூடாது. கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது. அதைச் சரிபார்க்கச் சோம்பல்பட்டு, உடம்போடு சேர்த்து ஒரே கையால் பற்றி, பூனையைத் தூக்குகிற மாதிரி அறைக்கு அறை தூக்கிப்போவார். அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு, மேலே ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்த கம்பெனிப் பெயரின் முன்பாதி அழிந்துவிட்டது. மிஞ்சியது 'மினா'.

ஆகவே மெஷினுக்கு அந்த வீட்டில் மினா என்றே பெயர். "மினாவை எடுத்துட்டு வா," "மினாவுக்கு இன்னிக்கு மூச்சு முட்டுது," என்றெல்லாம் அத்தான் சொல்வதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, இவர்களுக்கு வெளியே காட்டாத ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்றே பல நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அத்தானுக்குப் பிறகு அக்கா மினாவைத் தொடவில்லை. துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டாள். ஒரு நாள் பார்க்கும்போது 'மினா'வும் செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தது. வாடகைக் காரில் மெஷினைத் தன் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்து, அதற்கும் பெல்ட் போட்டுக் கூட்டிவந்தாள். "இருக்கறதை நிறுத்திக் குடு தம்பி. மிச்சமும் போயிடும் போல இருக்கு," என்றாள். சொன்னது காதில் நன்றாகத்தான் விழுந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகிற வழியில் பல்செட்காரர் குறுக்கே வந்துவிட்டார். "ஒரு பல்லு மட்டும் புதுசா வெச்சா மத்ததெல்லாம் அசிங்கமாத் தெரியும்க்கா. முழுசாவே பண்ணிடறேன், விடு," என்றார்.

உள்ளேயிருந்த, அத்தான் சேர்த்த தூசிப் பையை மட்டும் அக்கா கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "தம்பியை நம்பித் தூசியைக்கூடக் குடுக்க மாட்டாங்க போல," என்றாள் மனைவி.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் குளிப்பாட்டினார். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றியபோது, வெயிலே படாத ஓர் ஓரத்தில் மெஷினின் அசல் பச்சை, நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே தெரிந்ததெல்லாம் வெளுத்துப்போன ஏதோ ஒரு சாயல். உள்ளே ஒரு கல்யாணப்பெண் அல்லவா ஒளிந்திருக்கிறாள்!

அடுத்த சிக்கல், 'மினா'வுக்கு முன்னால் என்ன எழுதியிருந்தது என்பது. அக்காவுக்குப் போன் போட்டார். அதை யார் படித்துக்கொண்டிருந்தார்கள் என்றாள் அவள். மனைவி 'கேமினா' என்று அடித்துச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அது தன் பழைய தையல் மெஷினின் பெயர் என்று ஒப்புக்கொண்டாள். கடைசியில் வாய்க்குள் பார்க்கும் விளக்கை எடுத்து, மெஷினின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். எழுத்து உதிர்ந்துபோயிருந்தாலும், அது இருந்த காலமெல்லாம் அதற்கடியில் வெயில் படவில்லை அல்லவா? அந்த இடத்துப் பச்சை மட்டும் ஒரு சாயல் கருத்திருந்தது. நிழல்போல் நான்கு ஆங்கில எழுத்துகள் எழுந்து வந்தன. ஏரோ. ஏரோமினா.

வீட்டுக்கு ஓடினார். "முப்பது வருஷமா நம்ம குடும்பத்துல இருக்கா, அவ முழுப் பேரு நமக்குத் தெரியல பாரு!"

"என் முழுப் பேரு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றாள் மனைவி. அவர் சொல்லிவிட்டார். ஆனால் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அதற்கு அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு பின் அறையில் பல் வேலை எதுவும் நடக்கவில்லை. நிழலெழுத்தை மெல்லிய தாளில் படியெடுத்துக்கொண்டு, மேல் பூச்சைத் தேய்த்து, அசல் பச்சையைக் கலந்து பூசி, காயவிட்டு, மறுபடி பூசினார். நாலைந்து மயிரே உள்ள பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது பல்லின் நிறத்தில் எழுத்துகளை எழுதினார். டாக்டர் எட்டிப் பார்த்து, அளவு கொடுத்துவிட்டுப் போன அம்மாவின் கீழ்செட் என்னாயிற்று, பாவம், சூப்பிலேயே உயிர் வாழ்கிறார் என்றார். நாளைக்கு என்றார் இவர். போன வாரமும் அதே நாளைதான் என்று டாக்டர் முனகிக்கொண்டே போனார்.

அக்கா வந்த அன்று மெஷினை மேஜை மேல் ஏற்றி, துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். மனைவியும் வந்திருந்தாள். துண்டை உருவிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் மறைக்காதபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

மெஷின் பளபளத்தது. ஏரோமினா என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிய எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. உடைந்த கைப்பிடிக்குப் புதுக் கைப்பிடி வேறு. அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"யாரோடது இது?"

அவர் கையிலிருந்த துண்டை நாலாக மடித்தார்.

"மினாதான் அண்ணி. புதுசு மாதிரியே பண்ணியிருக்கார் பாருங்க," என்றாள் மனைவி. புருஷனை அவள் மட்டும்தான் திட்டலாம். வேறு யாரும் திட்டினால் அவளுக்கு ஆகாது.

"புதுசாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. மறுபடியும் ஒரு தடவை மெஷினைப் பார்த்தாள். "நீயே வெச்சுக்க தம்பி. வேலையெல்லாம் சுத்தமாத்தான் பண்ணியிருக்க. எனக்கு எதுக்கு இது?" கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவள் பேசும்போது பற்களைப் பார்க்கிற பழக்கம் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. அவளுடைய கோரைப்பல் எந்த வருஷம் சாயத் தொடங்கியது என்பதுவரை தெரியும். இப்போது அவள் உதட்டை மூடிக்கொண்டு நின்றதால், வேறு வழியில்லாமல் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. இளைத்திருந்தாள். எப்போதிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, உட்காரு," என்றார். "போட்டோ இருக்கா? அத்தான் அதைத் தூக்கிட்டிருக்கிற மாதிரி?"

"வீடு சுத்தம் பண்றதை யாருடா போட்டோ எடுப்பா?"

அவர் புதுக் கைப்பிடியை ஸ்க்ரூடிரைவரால் கழற்றி மேஜை மேல் வைத்தார். டிராயரைத் துழாவி, நைஸ் உப்புத்தாள் ஒன்றையும், தாடையில் கோடு போடுகிற பென்சிலையும் எடுத்தார். முன்பாதி எழுத்துகளை, அந்த நாலெழுத்துக்காகத் தான் அடக்கிய மூச்சையெல்லாம் எண்ணிப் பார்ப்பவர்போல், ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவர் எங்க பிடிப்பார்னு காட்டு."

அக்கா கைப்பையை இறக்கி வைக்கவில்லை. அப்படியே நின்றபடி, யோசிக்கக்கூட இல்லை, உள்ளங்கையைச் சரியாக அந்த நான்கு எழுத்துகளின் மேல் வைத்தாள். கட்டைவிரல் மெஷினின் தோளை அணைத்துக்கொண்டது. அவர் குனிந்து, அவள் சுண்டுவிரலின் ஓரத்தில் பென்சிலை வைத்துக் கோடு இழுக்க ஆரம்பித்தார். முன் அறையிலிருந்து டாக்டர் ஏதோ கேட்டார். பென்சில் நிற்கவில்லை.

"இரு," என்றாள் அக்கா. "அவர் கை இன்னும் பெருசு."

விரல்களை விரித்தாள். பென்சில் காத்திருந்தது. இன்னும் கொஞ்சம் விரித்தாள்.