மியூட்டில் கிடந்த சிரிப்பு

ஒரகடத்தில் எங்கள் அறையில் எந்நேரமும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஷிஃப்ட் அப்படி. அதனால் என் கம்ப்யூட்டருக்கு ஹெட்போன்தான். அது அறுந்ததும் ஸ்பீக்கரை மாட்டினேன். சத்தமே இல்லை.

அறைத்தோழர் இசக்கி அண்ணனுக்கு, ஊரில் மகள் முதன்முதலாகச் சிரித்த வீடியோ வந்திருந்தது. லீவு கிடைக்காத மனுஷன், கையில் பட்டன் போன் வேறு; மூன்று நாளாக அதை என் கம்ப்யூட்டரில் ஊமைப்படமாகவே பார்த்தார்.

புது சவுண்ட் கார்டு வாங்க இன்று சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவுக்குப் போனேன். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் என்றேன்.

"லினக்ஸா? மொதல்ல மிக்ஸர்ல, அதான் சவுண்ட் செட்டிங்ல, ஸ்பீக்கர் மியூட்ல கீதான்னு பாத்தியாப்பா?" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து பார்த்தேன். மியூட்தான். தூங்குகிறவர்களுக்காக என்றோ நானே போட்டது! எடுத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டேன்.

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய அண்ணன் துள்ளி எழுந்தார். "எலே, எம் புள்ளையா சிரிக்கா? இன்னொருக்கா போடுல!"

இருபதாவது தடவை ஓடுகிறது. இன்று எனக்கும் நைட் ஷிஃப்ட், இப்போது தூங்க வேண்டும். மறுபடி மியூட் போட உங்களில் யாருக்காவது மனசு வருமா?