இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தபோது நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால் அடியார்களான உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம், ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். "வசந்தி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா?" என்றார்.

"கேஸ்தான் இருக்கும்ங்க. பத்து நிமிஷம், இந்தக் கடைசிப் பக்கத்தை முடிச்சிட்டு வந்துடறேன்."

முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். போய்விட்டார். பாவி நான், கதையை முடித்தேன்.

தை மாதம் அந்தக் கதை ஒரு பத்திரிகையில் வந்தது. மனித மனதை நுட்பமாக அறிந்தவர் நீங்கள் என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரின் வலியே தெரியாதவளுக்கு யார் மனம் தெரியும்? அதற்குப்பின் எந்த வரி எழுதினாலும் பொய்யாகப் பட்டது. அடித்து அடித்தே ஒரு நோட்டு தீர்ந்தது. "முருகா, இந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொள்" என்று தினமும் அழுதேன்.

மாசிக் கிருத்திகையன்று குன்றத்தூர் மலைக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனேன். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை வைத்து மடிக்க வேண்டும். சந்நிதியில் வைத்துக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் எழுது, வெள்ளை வந்தால் விடு. அடிவாரத்தில் இரண்டு பூவும் வாங்கி, படியோரம் உட்கார்ந்து நானே மடித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்தேன். ஆமாம், சாமியிடமே திருட்டுத்தனம்.

வெள்ளைதான் வந்தது. வேறென்ன வரும்! இறங்கி வந்து தேம்பித் தேம்பி அழுதேன். பூ விற்ற அம்மா கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அட இன்னாம்மா நீ! நீயே ரெண்டுலயும் வெள்ளைய வச்சிகினு, வெள்ள வந்துட்ச்சேன்னு அழுவறியே? வேணாம்னா இன்னாத்துக்கு இம்மாம் அழுவ? சரி, அந்த செவப்புப் பூவ இன்னா பண்ணே?"

தூக்கி எறிய மனசு வராமல் கைப்பையில் வைத்திருந்தேன். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. முருகா!

மறுநாள் மத்தியானம் அதே மேஜையில் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிஷத்தை எழுதினேன். அவர் ஒருமுறை இருமியது காதில் விழுந்தும் நான் எழுந்திருக்காததைக்கூட மறைக்கவில்லை. ஒரு வரியையும் அடிக்கத் தோன்றவில்லை. கடைசிப் புள்ளி வைத்ததும், "முடிச்சிட்டேங்க, கிளம்பலாமா?" என்று வாய் தானாகக் கூப்பிட்டது. நாற்காலி காலியாக இருந்தது.

என் துக்கம் ஆறவில்லை. ஆனால் எழுதுகிறேன். இப்போதெல்லாம் என் மகள் கூப்பிட்டால் பாதி வரியில் எழுந்துவிடுகிறேன். பிடுங்கச் சொன்ன பேனாவை என் கையிலேயே விட்டுவைத்தவனுக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். நம்மால் ஆகாது என்று உங்களுக்கும் தோன்றினால் தயங்காமல் அவனிடம் போய்க் கேளுங்கள். பொட்டலத்தில் சிவப்பையும் வையுங்கள்.