மூன்றாம் டேங்கின் முள்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்துக்கு வெளியே ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஓர் எண்ணெய்க் கிடங்கில் எனக்கு வேலை. புது ஆபரேட்டர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அப்போதுதான் டேங்குகளுக்குப் புதுக் கருவி வந்திருந்தது. பெட்ரோலின் மேல் ஒரு மிதவை. அதில் கட்டிய கம்பி டேங்க் உச்சியில் ஓர் உருளையைச் சுற்றிக் கீழே இறங்கும். அங்கிருந்து ஒயர் வழியாக என் மேஜைமேல் இருந்த முள் வைத்த டயலுக்குச் சேதி வரும். அறையில் உட்கார்ந்தபடியே முள்ளைப் பார்த்து, எத்தனை அடி எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரை மணிக்கொரு தரம் மேலே ஏறி, நாடா விட்டு அளந்தவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. எடப்பாடிக்காரர், என் வயதுதான். கருவி வந்ததும் உருளையைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். "இனிமே உங்க காலுக்கு ஓய்வுதான்" என்று கிண்டல் செய்வேன். "ஆமாங்க" என்பார், அவ்வளவுதான். அவரை நிரந்தரமாக்கும் காகிதம் சீக்கிரமே மேலிடத்துக்குப் போகவிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. என் கருவிக்கு நானேதான் மாலை போடுவேன் என்று எனக்கு வீம்பு. மூன்றாம் டேங்கின் உச்சிக்கு ஏறி, உருளைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைநாரில் தொடுத்த சாமந்தி மாலையைச் சுற்றினேன். தட்டைப் பிடித்துக்கொண்டு கூட நின்றவர் அவர்தான். மறுநாள் மறுபூஜை முடிந்ததும், வாடிய மாலையை அவசரமாகப் பிய்த்து எறிந்தேன்.

அடுத்த நாள் பெட்ரோல் வேகன்கள் வந்தன. மூன்றாம் டேங்குக்கு பம்ப் ஓடியது. முள் பாதிவரை ஏறியது. பத்து மணிக்குப் 'பாதி' என்று ஏட்டில் எழுதினேன். பத்தரைக்கும் பாதி. பதினொன்றுக்கும் பாதி. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். பம்ப் ஹவுஸுக்குப் போன் செய்தேன். பம்ப் நன்றாகவே ஓடுவதாகச் சொன்னார்கள். அப்போதும் கருவியைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு திமிர். ஜன்னல் வழியே வேலிக்கு அந்தப் பக்கம் பார்வை போனது. அங்கே ஜவ்வரிசி ஆலை. வறுக்கும் அடுப்பு விறகில் எரிந்துகொண்டிருந்தது. களத்தில் பெண்கள் மாவைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். டேங்க் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே ஓடினேன்.

அவர் டேங்கடியில் நின்றிருந்தார். "ஏனுங்க, இப்படி ஓடி வாரீங்க?"

"முள்ளு நகரல."

டேங்க் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி படியேறினார். வெயிலில் காலி இரும்பு சுடும்; உள்ளே எண்ணெய் நிற்கும் உயரம்வரை அந்தச் சூடு இருக்காது. பாதியைத் தாண்டினார். முக்காலையும் தாண்டினார். கையை எடுக்கவே இல்லை. கடைசிப் படிகளுக்குப் போனபோதுதான் சட்டென்று கையை உதறினார்.

"பம்பை நிறுத்தச் சொல்லுங்க."

கால் பின்ன ஓடி நிறுத்திவிட்டு வந்தேன். அதற்குள் அவர் மேலே நாடா விட்டு அளந்துவிட்டு இறங்கியிருந்தார். "நெறைய இன்னும் ஒரு சாணுதானுங்க இருந்துச்சு." மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார். உருளைக்குள் இழுபட்டு முறுக்கேறிய வாழைநார், அதில் காய்ந்த சந்தனம். ஆபீசர் வருவதைப் பார்த்ததும் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"துருங்க சார். உருளை புடிச்சு நின்னுபோச்சுங்க."

"அதைத் துடைக்கிறது உன் வேலைதானே?"

"ஆமாங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "துருதானா?"

"ஆமா சார்" என்றேன்.

ஆபீசர் போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"சாமிக்குக் கட்டுன நாருங்க. அதப் போயி எப்படிங்க குத்தம் சொல்றது?"

என்னைக் காப்பாற்றும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் சாமியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோழைப் பயல். இப்போது நினைத்தாலும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

சாயங்காலம் ஏட்டில் எழுதியதும் நான்தான்: 'உருளையில் துரு. பராமரிப்பு சரியில்லை.' அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். அவருடைய காகிதம் அந்த வாரம் போகவில்லை. பிறகும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து என்னுடையது வந்தது. அந்த முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன்.