பேரு வராதவங்க யாரு?

தேயிலை எஸ்டேட்டின் பெரட்டுக் களத்தில் காலையில் கடைசிப் பேரையும் கூப்பிட்டு முடித்ததும் கங்காணியக்கா நோட்டை மூடுவார். உரப்பையிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக்கில் அதைச் சுற்றி இடுப்பில் செருகுவார். பிறகு நிமிர்ந்து, பனியைப் பார்த்துக் கேட்பார்.

"பேரு வராதவங்க யாரு?"

"பேய்தான்க்கா!" என்று பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள்.

"பேயின்னாலும் கூடையத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லு. ஆளு பத்தல."

தினமும் இதே கேள்வி, இதே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வரும். எல்லார் பேரையும் கூப்பிட்டாயிற்று, இனி யார் மிச்சம்? ஆனால் வாரத்துக்கு ஒருவராவது கையைத் தூக்குவார்கள். முந்தின நாள் சேர்ந்தவள், பிள்ளை பெற்றுத் திரும்பியவள், ஆபிஸ் கிராணி பேரை எழுத மறந்துபோன ஆள்.

உண்மையில் அவர் கங்காணியே இல்லை. பழைய கங்காணி வேலையை விட்டுப் போனபோது வேலையை அவர் தலையில் கட்டினார்கள், பதவியைத் தரவில்லை. பதவிக்கு ஐசி நம்பர் வேண்டும். அவரிடம் அடையாள அட்டையே கிடையாது. இதே எஸ்டேட்டில், லைன் வீட்டில் பிறந்தவர். அப்பன் பதியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. புருஷனுடைய வேலை நம்பரில்தான் அவருக்குப் பேர் விழுந்தது, நாள் சம்பளமும் வந்தது, அந்த மனிதர் செத்த பிறகும். இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் எஸ்டேட் ஆபிஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். ஆட்களின் வரவும் சம்பளமும் எழுதிய பல தலைமுறை செக்ரோல் நோட்டுகளை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் ஏற்றச் சொன்னார் மேனேஜர். ஆளுக்கொரு டாக்குமெண்ட். கட்டம் போட்ட அட்டவணை மாதிரி இல்லை இது. ஒருவருக்கு இருக்கும் விவரம் இன்னொருவருக்கு இல்லாவிட்டாலும் ஏற்றிக்கொள்ளும். அந்த வசதிக்காகத்தான் அதை எடுத்தேன்.

கங்காணியக்கா போட்டோவுக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐசி நம்பர்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நான் பொறந்ததுக்கு நானே சாட்சி. போதாதா? போட்டோவயாச்சும் நல்லா எடு லா."

சிரிக்கும்போது எடுத்துவிட்டேன். "ஏத்திட்டியா தம்பி?" என்று எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "ஏத்திட்டேன்க்கா" என்றேன். அது பொய் இல்லை.

அடுத்து இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்களே, அது மாதிரி. லட்சக்கணக்கில் டாக்குமெண்ட் இருந்தால் எல்லாவற்றையும் புரட்டாமல் நேரே ஆளைப் பிடிக்கலாம். ஐசி நம்பரை வைத்து உருவாக்கினேன், ஒரு நம்பர் ஒரு தடவைதான் வரலாம் என்ற நிபந்தனையோடு. டேட்டாபேஸ் மறுத்தது. நம்பர் இல்லாதவர்கள் பலர் இருந்தார்கள். எல்லா வெற்றிடத்தையும் அது ஒரே நம்பராக எடுத்துக்கொண்டது. யார் அவர்கள் என்று பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க எப்போதோ செத்துப்போன ஆட்கள். அடுத்த பக்கத்தைத் திறக்கவில்லை. நம்பர் இல்லாதவர்களை இண்டெக்ஸில் சேர்க்காதே என்று எழுதினேன். ஒத்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் லைனில் குடியிருப்பவர்களின் லிஸ்டைக் கேட்டால் மெதுவாகத்தான் வந்தது. அந்த இண்டெக்ஸை அது தொடவே இல்லை. தொட்டால் ஆள் விடுபடும் என்று அதற்குத் தெரியும். நான்தான் இதையே பயன்படுத்து என்று கட்டாயப்படுத்தினேன். கண் இமைப்பதற்குள் லிஸ்ட் வந்தது. மேனேஜர் முதுகில் தட்டினார்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு மத்தியானம், லைனுக்குப் பின்னால் இருந்த சரிவு இறங்கியது. சத்தம் கேட்டதுமே எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். தானா ராத்தா டவுனுக்குப் போகும் ரோடும் அடைபட்டிருந்தது. லோரியை விட்டிறங்கி மண்ணைத் தாண்டி வந்து சேர்ந்த போம்பா ஆட்கள், தீயணைப்புக்காரர்கள், எத்தனை பேர், யாரையாவது காணோமா என்று கேட்டார்கள். நான் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் குரல் வந்தது. "செமுவா அடா" என்றேன். எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் ரோட்டைத் திறக்கப் போய்விட்டார்கள்.

கங்காணியக்கா மண்டபத்தில் எங்கேயாவது நிற்பார் என்று எல்லாருமே நினைத்திருக்கிறோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, கொழுந்து எடை போடும் மாமா தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்தார்.

"கங்காணியம்மா எங்கடா?"

"எல்லாரும் இருக்காங்க மாமா. லிஸ்டு சரியா இருக்கு."

"லிஸ்டுல நானே இல்லியேடா."

அவருக்கும் ஐசி கிடையாது. "அப்பவே ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க பேரு எங்கயும் வராது, பழகிப்போச்சு. பேரு வராதவங்க யாருன்னு கேக்குறது அவ ஒருத்திதான். இன்னிக்கு யாரு கேட்டா?"

மண்ணைத் தோண்டினோம். கடைசி வீட்டுச் சமையலறையில் கிடைத்தார். காலி வீடு அது. திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் வேலை பார்க்கும் ஆட்கள், எந்த லிஸ்டிலும் இல்லாதவர்கள், அவ்வப்போது அங்கே வந்து தங்குவார்கள். யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருக்கிறார். அன்று யாரும் இல்லை. நோட்டு இடுப்பில், பிளாஸ்டிக்குக்குள் நனையாமல் இருந்தது. எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. இதற்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். எந்திரத்தின் தப்பு என்று ஒருவன் சொன்னான். எந்திரம் மறுத்தது. நான் கேட்கவில்லை.

அந்த இண்டெக்ஸை அன்றைக்கே அழித்தேன். இப்போது முழு லிஸ்டும் மெதுவாக வருகிறது, வரட்டும். காலையில் களத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள். டேப்லெட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறேன். முடிந்ததும் இன்னொரு கேள்வியை டேட்டாபேஸுக்குப் போடுகிறேன்: லைனில் குடியிருப்பவர்களில் நம்பரே இல்லாதவர்கள். இரண்டு டாக்குமெண்ட் வரும். ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் மாமா. இன்னொன்றில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பார். குடியிருப்பு என்ற இடத்தில் 'ஆம்' என்றே இருக்கிறது. மேனேஜர் இரண்டு தடவை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை.

பிறகு வாயால் கேட்கிறேன். வந்தவர்களுக்காக ஒரு தடவை மலாயில். அப்புறம் தமிழில், பனியைப் பார்த்து.

"பேரு வராதவங்க யாரு?"

பின்வரிசையிலிருந்து யாரும் கத்துவதில்லை. மாமா மட்டும் தராசில் ஒரு வெறும் கூடையை எடுத்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் நிற்பார்.