பல்வேரில் ஒரே வகைக் கூட்டம்

பல்லில் புழு கிடையாது. பதினெட்டு ஆண்டுகளாகப் பல்வேர்களை நுண்ணோக்கியில் பார்த்துவருபவள் என்ற முறையில் இதை முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். வேர் நுனியில் ஒட்டிவரும் மிளகளவு சதையில் இருப்பவை, கிருமியோடு சண்டைக்கு வந்த நம்முடைய வெள்ளை அணுக்கள். அவை யார் யார் என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். நோயாளி எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பல் டாக்டர் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு மேலும் விளக்க வேண்டாம்.

நீல மருந்து

தவளக்குப்பத்தில் க்ளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் தீர்ந்துவிட்டதென்று, சதையை வாய் கொப்பளிக்கும் நீல மருந்தில் போட்டு அனுப்பினார். வந்து சேர்ந்தபோது புதினா மணத்தது; அணுக்கள் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஃபோன் செய்தேன்.

"அதுவும் கிருமியைக் கொல்றதுதானே மேடம்?"

சந்தோஷமான நோயாளி

அடுத்து அவர் ஒழுங்காக ஃபார்மலினில் அனுப்பியது, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவரின் பல்வேர்ச் சதை. படிவத்தில் 'சாதாரண அழற்சி' என்று முடிவையும் டாக்டரே எழுதியிருந்தார்.

சாதாரண அழற்சியில் பல வகை அணுக்கள் கலந்திருக்கும். இதில் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பிளாஸ்மா அணுக்கள் மட்டுமே அடைத்துக்கொண்டு நின்றன. பலவற்றுக்கு இரண்டு உட்கரு. சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். எல்லாமே ஒரே அணுவின் வாரிசுகள்; கிருமியோடு சண்டைக்கு வரும் கூட்டம் அப்படி இருக்காது. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் இருக்கலாம், உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து விசாரித்தால், ரிப்போர்ட் டாக்டரின் மேசையிலேயே இருந்தது.

"வலி போயிடுச்சுன்னு சந்தோஷமா இருக்காரு மேடம். எதுக்கு பயமுறுத்தணும்?"

படிவத்தில் இருந்த எண்

ஒரு டாக்டரைத் தாண்டி அவருடைய நோயாளியிடம் பேசுவது எங்கள் தொழிலில் மரியாதை அல்ல. படிவத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். மனைவி எடுத்தார். கணவருக்கு நாலு மாதமாக இடுப்பு வலி என்றும், மெஷின் முன்னால் நின்றே இருப்பதால் வருவதென்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். மறுநாளே கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்த லேத்காரரே லேபுக்கு வந்து, பரிசோதனை முடிவுகளை என் முன்னால் வைத்தார். மஜ்ஜைப் புற்றுநோய்தான். சிகிச்சை திங்கட்கிழமை தொடங்குகிறதாம். எனக்கு நன்றி சொல்லத்தான் வந்தார் போலும். அது மட்டும் வாயில் வரவில்லை.

"நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு மேடம். தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த மாதத்திலிருந்து தவளக்குப்பம் டாக்டர் தன்னுடைய பல்வேர்களை வேறொரு லேபுக்கு அனுப்புகிறார்.