ஒன்றோடொன்று பேசாத பெட்டிகள்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை "ஏசி அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மட்டுமா அவள் பார்த்தது? தீ அலாரம், கார்டு காட்டித் திறக்கும் கதவுகள் எல்லாமே அவள் தலையில்தான். கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனித் திரை. ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் சரக்கு. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது.

"மூணு ஓரகத்திங்களை ஒரே அடுப்படியில விட்ட மாதிரி. ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்க மாட்டேங்குறாளுங்க" என்று அவள் சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பு அள்ளும்.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். புகை வந்தால் அலாரம் அடிக்கும். மாடிகளுக்குக் காற்றுத் தள்ளும் ஏசியின் பெரிய ஃபேன் புகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். அதை நிறுத்த யாராவது கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும். அலாரம் அடித்தால் ஃபேன் தானாக நிற்கும்படி செய்ய முடியுமா என்று அவளும் ஆஸ்பத்திரி இன்ஜினியரும் கம்பெனிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள்.

"எங்க பெட்டி எங்க பெட்டியோடதான் பேசும். அலாரத்தையும் எங்ககிட்டயே மாத்திடுங்க" என்றார்கள் ஏசிக்காரர்கள். அலாரக்காரர்களும் அதே பாட்டைப் பாடினார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று நிர்வாகம் கை கழுவியது.

மேல்மாடித் துணி அறையில் அவள் நாத்தனார் வேலை பார்த்தாள். வீட்டில் முடங்கிக் கிடந்தவளை இழுத்துவந்து வேலையில் சேர்த்ததே இவள்தான். போர்வைகள் களவு போகின்றன என்று அந்த அறைக்கு உள்ளே போகவும் கார்டு, வெளியே வரவும் கார்டு.

ஒரு மத்தியானம் கீழ்த்தளத்தில், பழைய மெத்தைகளைக் குவித்திருந்த மூலையில் தீப்பிடித்தது. அலாரம் அலறியது. கூடவே கன்ட்ரோல் ரூம் போனும் அடித்தது.

"அண்ணி, ஏசி ஓட்டையிலேருந்து புகையா வருது. கார்டு காட்டினா கதவு திறக்க மாட்டேங்குது."

கதவுக்குப் போகும் வயர் கீழே வெந்துவிட்டிருந்தது. கார்டு இல்லாமல் திறக்கும் சாவி இவளிடம் இருந்தது. மேலே போனால் கதவைத் திறக்கலாம். ஆனால் ஃபேன் அத்தனை வார்டுகளுக்கும் புகையை ஊதிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியாதவர்கள் எத்தனை பேர் அங்கே!

"ஈரத்துணியை மூக்குல பொத்திக்கிட்டுத் தரையோட படுத்துக்கோம்மா. இதோ வந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். கண் எரிய, சுவரைத் தடவித் தடவிப் போய் ஃபேனை நிறுத்தினாள். பிறகு மூச்சு வாங்க மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது, சொன்னபடியே தரையோடு படுத்திருந்தாள் நாத்தனார். எழுந்திருக்கவில்லை.

வார்டுகளில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அவளைப் பாராட்டினார்கள். அவளுக்கு அது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார்.

விசாரணை வந்த பிறகுதான் நிர்வாகம் அசைந்தது. பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எந்தக் கம்பெனி செய்தாலும் ஒரே பொது மொழியில் பேசும் பெட்டிகளை மாட்டினார்கள்.

"நாளைக்கு ஒரு கம்பெனி மூடிட்டுப் போயிட்டா?" என்று கேட்டாள்.

"வேற கம்பெனிப் பெட்டியை வாங்கி மாட்டிக்கலாம்க்கா. யார்கிட்டயும் சிக்கிக்க வேண்டியதில்ல" என்றார் இன்ஜினியர். அவர் குரலிலும் உயிர் இல்லை.

சோதனை நாளன்று அவர் வேண்டுமென்றே அலாரத்தை எழுப்பினார். பழக்கத்தில் அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அதற்குள் ஃபேன் தானாகவே நின்றிருந்தது. துணி அறைக் கதவு உட்பட எல்லாப் பூட்டுகளும் திறந்துவிட்டிருந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சோதனையில் நடந்ததைச் சொன்னாள். வெகுநாள் கழித்து அவர் வாய் திறந்தார்.

"இதை முன்னாடியே பண்ணியிருக்க முடியாதா?"

பொய் சொல்லத் தோன்றியது. நாக்கு எழவில்லை.

"முடிஞ்சிருக்கும்."

அவர் தலையாட்டினார். பாதி சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாளிலிருந்து பால், வாடகை, மழை என்று அவளோடு பேச ஆரம்பித்தார். தங்கையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவே இல்லை.